அரசு வெளியீட்டை நாமே அச்சிடலாமா?

மக்கள் வரிப்பணத்தில் போட்ட புத்தகம்தானே, யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. அமெரிக்க மத்திய அரசு ஊழியர்கள் பணி நிமித்தம் எழுதியவற்றுக்கு அந்நாட்டில் பதிப்புரிமையே கிடையாது. இந்தியாவில் கதை வேறு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவுப்படி, மாறான ஒப்பந்தம் இல்லாதவரை, அரசுப் படைப்பின் முதல் உரிமையாளர் அரசுதான். வெளியான ஆண்டுக்கு அடுத்த ஜனவரி 1 முதல் 60 ஆண்டுகள் அந்த உரிமை நீடிக்கும். 1962இல் வந்த ஓர் அரசு நூல் 2022 டிசம்பர் 31 வரை காத்திருந்து பொதுச்சொத்தானது.

ஆனால் 52ஆவது பிரிவு பல கதவுகளைத் திறந்து வைத்திருக்கிறது. அரசிதழில் வந்த அறிவிக்கையைத் தாராளமாக மறுபதிப்பு செய்யலாம். சட்டமன்றத்திலோ நாடாளுமன்றத்திலோ தாக்கல் செய்யப்பட்ட ஆணைய அறிக்கைகளையும் நீதிமன்றத் தீர்ப்புகளையும், தடை எதுவும் விதிக்கப்படாதவரை, வெளியிடலாம். தீர்ப்பில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சட்ட இதழ்க்காரர்கள் தாங்களே எழுதிச் சேர்த்த தலைக்குறிப்புகள் (தீர்ப்பின் தொடக்கத்தில் தரும் சுருக்கம்) அவர்களுக்கே சொந்தம். சட்டப் பதிப்பகமான ஈஸ்டர்ன் புக் கம்பெனியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. ஆகவே நீதிமன்றத் தளத்திலிருந்து மூலத்தை எடுப்பதே நல்லது.

சட்டங்களுக்கு மட்டும் ஒரு வேடிக்கையான நிபந்தனை. வெறும் சட்ட வாசகத்தை அப்படியே போடுவதற்கு இந்தச் சலுகை இல்லை. கூடவே விளக்கவுரையோ சொந்தமாக எழுதிய வேறு பகுதியோ இருக்க வேண்டும். குடிமக்களைக் கட்டுப்படுத்தும் சட்டத்துக்கே இப்படியொரு வேலி எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

தமிழில் எழுதுபவர்களுக்கு அதிகம் பயன்படுவது மொழிபெயர்ப்புச் சலுகை. ஒரு சட்டத்துக்கும் அதன் விதிகளுக்கும் அரசின் தமிழாக்கம் வரவில்லை என்றாலோ, வந்தும் விற்பனையில் கிடைக்கவில்லை என்றாலோ, நாமே மொழிபெயர்த்து வெளியிடலாம். ‘இது அரசு அங்கீகரித்த மொழிபெயர்ப்பு அல்ல’ என்று கண்ணில் படும் இடத்தில் அச்சிட்டுவிட வேண்டும்.

அரசு இணையதளங்களில் அடிப்பக்கம் இருக்கும் பதிப்புரிமைக் கொள்கையையும் படித்துவிடுங்கள். பல தளங்கள் ஆதாரத்தைக் குறிப்பிட்டால் போதும் என்கின்றன. சில முன் அனுமதி கேட்கின்றன. பிறருக்குச் சொந்தமான படங்களுக்கு அந்த அனுமதி பொருந்தாது.

அப்புறம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஆவணம் கேட்கும்போது ‘பதிப்புரிமை இருக்கிறது’ என்று மறுத்தால், அது யாருடைய உரிமை என்று கேளுங்கள். அரசு அல்லாத ஒருவரின் பதிப்புரிமை மீறப்படும் என்றால்தான் 9ஆவது பிரிவின்கீழ் மறுக்க முடியும்.