காத்தில போற புகையைக் கடல் சட்டம் பிடிச்ச கதை

போன கிழமை யாழ்ப்பாணத்து மண்டைதீவுப் பக்கம் போய் வரேக்க ஒரு வெள்ளைச் சிப்பி பொறுக்கிக்கொண்டு வந்து, சின்னக் கிளாஸ் ஒண்டுக்குள்ள போட்டு, அது மூடுற அளவுக்குத் தேசிக்காய்ப்புளி விட்டுப் பார்த்தனான். கொஞ்ச நேரத்தில சிப்பியின்ர விளிம்பைச் சுத்தி ஊசிமுனை அளவில குமிழி வரத் தொடங்கீற்றுது. அடுத்த நாள் எடுத்துப் பார்த்தால் மேல்பக்கம் சோக்குக்கட்டி மாதிரி, நகத்தால சுரண்ட மாவா வருது. சிப்பி ஓடு கல்சியம் காபனேற்று, அதில அமிலம் பட்டால் நடக்கிறது இதுதான்.

கடல் அமிலமாகுது எண்டு இப்ப சொல்லுகினம், ஆனா கடல் தேசிக்காய்ப்புளியா மாறுது எண்டு நினைச்சிடாதேங்கோ. கடல் இப்பவும் காரப் பக்கம்தான் நிக்குது. தொழிற்சாலைக் காலத்துக்கு முன்னம் மேற்பரப்புத் தண்ணியின்ர பீ.எச். (அமிலமோ காரமோ எண்டு காட்டுற அளவு, இறங்க இறங்க அமிலப் பக்கம்) ஏறக்குறைய 8.2, இப்ப 8.1. பூச்சியம் தசம் ஒண்டு தானே எண்டு தோணும், ஆனா பீ.எச். மடக்கை அளவு, ஒண்டு இறங்கினால் பத்து மடங்கு, அதால இந்தச் சின்ன இறக்கமே அமிலத்தன்மையைக் குடுக்கிற ஐதரசன் அயன் முப்பது வீதம் அளவில கூடினதுக்குச் சமன். நாங்கள் எரிக்கிற எண்ணெய், நிலக்கரியால வாற காபனீரொட்சைட்டில நாலில ஒரு பங்கு அளவைக் கடல்தான் இழுத்துக்கொள்ளுது. அது தண்ணியோட சேர்ந்து காபோனிக்கமிலம் ஆகி ஐதரசன் அயனை விடும், அந்த அயன் போய் தண்ணியில கிடக்கிற காபனேற்றைப் பிடிச்சு வைச்சுக்கொள்ளும். சங்கும் பவளமும் ஓடு கட்ட எடுக்கிறது அந்தக் காபனேற்றைத்தான். மேசன் வேலைக்கு வந்து நிக்கிறார், சீமெந்து களவு போயிட்டுது, அந்த மாதிரி ஒரு நிலைமை.

இந்த இரசாயனம் எங்களுக்குப் புதுசில்லை பாருங்கோ. யாழ்ப்பாணக் குடாநாடே சுண்ணாம்புக்கல்லு, மழைத்தண்ணி காத்திலயும் மண்ணிலயும் இருக்கிற காபனீரொட்சைட்டைக் கரைச்சுக்கொண்டு கீழ இறங்கி அந்தக் கல்லை அரிச்சு அரிச்சுத்தான் நிலாவரைக் கிணறு மாதிரிப் பள்ளங்கள் வந்தது. (இராமர் அம்பு விட்ட கதையும் இருக்கு, அதையும் நான் விடத் தயாரில்லை.)

சரி, இதுக்குச் சட்டம் என்ன செய்யுது? கடல் அமிலமாகிறதுக்கு மட்டும் எண்டு ஒரு உலக ஒப்பந்தம் கிடையாது. காலநிலை மாற்றத்துக்கு எண்டு வந்த 2015 பாரிஸ் ஒப்பந்தத்தைப் பிரட்டிப் பாருங்கோ, கடலைப் பற்றி முன்னுரையில ஒரு சொல்லு வரும், அமிலமாகிறது எண்ட கதையே இல்லை, இலக்கெல்லாம் வெப்பநிலையில. இதில ஒரு பெரிய ஓட்டை இருக்கு. மீதேனைக் குறைச்சால் சூடு குறையும், கடலின்ர அமிலம் பெரிசாக் குறையாது. வானத்தில துகள் தூவி வெயிலைத் திருப்பி அனுப்புவம் எண்டு சிலர் சொல்லுகினம், அது வேலை செய்தால் வெப்பமானி இறங்கும், ஆனா காபனீரொட்சைட்டு அப்பிடியே கடலுக்குள்ள போய்க்கொண்டிருக்கும். சூட்டை மட்டும் அளக்கிற சட்டத்துக்கு ரெண்டும் வெற்றி மாதிரித்தான் தெரியும்.

வழி திறந்தது வேற பக்கத்தால. 1982 ஐ.நா. கடல் சட்டச் சமவாயத்தில மாசு எண்டால் என்ன எண்டு ஒரு வரைவிலக்கணம் இருக்கு: மனிசர் நேரடியாவோ மறைமுகமாவோ கடலுக்குள்ள விடுற பொருள் அல்லது சக்தி, அதால கேடு வந்தால், அல்லது வரக்கூடியதா இருந்தால், அது மாசு. எழுதினவைக்கு அப்ப எண்ணெய்க் கசிவும் குழாய்க் கழிவும்தான் கண்ணுக்கு முன்னால நிண்டிருக்கும். ஆனா "மறைமுகமா" எண்ட அந்த ஒரு சொல்லைப் பிடிச்சுக்கொண்டு சின்னத் தீவு நாடுகள் சேர்ந்து ஹம்பேர்க்கில இருக்கிற சர்வதேச கடல் சட்டத் தீர்ப்பாயத்திட்டப் போய்க் கேட்டுதுகள், 2024 மே 21இல தீர்ப்பாயம் ஒரே குரலில சொல்லிச்சுது: மனிசர் காத்தில விடுற பசுங்குடில் வாயு (காபனீரொட்சைட்டு மாதிரிச் சூட்டைப் பிடிச்சு வைக்கிற வாயு) கடல் மாசுதான். புகை பொருள், சூடு சக்தி, ரெண்டும் வரைவிலக்கணத்துக்குள்ள வந்திட்டுது. அதோட, பாரிஸ் ஒப்பந்தத்தில சொன்னதைச் செய்தால் மட்டும் கடல் சட்டக் கடமை முடிஞ்சுது எண்டு இருக்கேலாது எண்டும் சொல்லிச்சுது. என்னைக் கேட்டால் இந்த வசனம்தான் உயிர். புது ஒப்பந்தம் எழுத இருபது வருசம் இழுபடும், இது ஏற்கனவே கையெழுத்து வைச்ச காகிதம், இலங்கையும் 1994இல அதை உறுதிப்படுத்தியிருக்கு.

ஒண்டு சொல்லோணும், அது ஆலோசனை அபிப்பிராயம், ஆரையும் தண்டிக்கிற தீர்ப்பில்லை. எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலை நினைச்சுப் பாருங்கோ, 2021இல 25 தொன் நைத்திரிக்கமிலத்தோட கொழும்புக்கு வெளியில எரிஞ்சுது, எங்கட உயர் நீதிமன்றம் 2025 யூலையில நூறு கோடி டொலர் நட்டஈடு கட்டச் சொல்லிச்சுது. அங்க கப்பலுக்குப் பேர் இருந்தது, சொந்தக்காரன் இருந்தான். கடலுக்குள்ள கரையிற காபனீரொட்சைட்டில இது சீனாவில இருந்து வந்தது, இது எங்கட மோட்டச்சைக்கிளில இருந்து வந்தது எண்டு ஆர் பிரிச்சுக் காட்டுறது?

அதாலதான் சில இடங்களில கிட்ட இருக்கிற காரணத்தில இருந்து தொடங்கினவை. 2007 அளவில அமெரிக்காவின்ர ஓரிகன் கரையில சிப்பிக் குஞ்சுப் பண்ணைக்குள்ள குஞ்சுகள் கொத்தாச் செத்துது, வருத்தம் எண்டு நினைச்சுத் தேடிப் பார்த்தால் உள்ள எடுக்கிற கடல்தண்ணியிலதான் பிழை. பேந்து அவை தண்ணியை அளந்து, சோடியம் காபனேற்று கலந்து காப்பாத்தினவை. பக்கத்து வாஷிங்டன் மாநிலம் 2012இல ஒரு குழு போட்டு, காத்தில வாறதை மட்டுமில்லாமல் நிலத்தில இருந்து ஓடுற பசளை, மலக்கழிவையும் குறைக்கோணும் எண்டு முடிவெடுத்தது. பசளை போனால் பாசி பெருகும், பாசி செத்து அழுகேக்க காபனீரொட்சைட்டு விடும். எங்கட கல்லு ஓட்டைக்கல்லு, வெங்காயத் தோட்டத்தில போடுற யூரியா கிணத்துக்குப் போறது எல்லாருக்கும் தெரியும், கிணத்துத் தண்ணியும் கடனீரேரியும் கீழால தொடுப்புத்தான்.

அளக்கிறது எண்டும் ஒரு வேலை இருக்கு. ஐ.நா. நிலைபேறான அபிவிருத்தி இலக்கு 14.3 நாடுகளிட்டக் கேக்கிறது, குறிச்ச இடங்களில அளந்த சராசரிப் பீ.எச். கடனீரேரியில அது லேசில்லை, பகலில கடற்புல்லும் பாசியும் காபனீரொட்சைட்டை உறிஞ்சப் பீ.எச். ஏறும், இரவில எல்லாம் மூச்சு விட இறங்கும். ஒருக்காப் போய்ப் போத்திலில தண்ணி அள்ளிக்கொண்டு வந்து ரிப்போட் எழுதேலாது. விடியப்பறம் அள்ளினவரும் பின்னேரம் அள்ளினவரும் வேற வேற கடலைத்தான் கண்டிருப்பினம்.