ஆறாம் நாள் வந்து வைரஸைத் தேடச் சொல்கிறீர்கள்

"கார்டுல ஒரு கோடுதானே மேடம் வந்துச்சு? அப்ப டெங்கு இல்லன்னுதானே அர்த்தம்?"

பாம்பன் பக்கத்து அக்கா ஒருவர் எங்கள் ஆஸ்பத்திரி லேபில் என்னிடம் இதைக் கேட்டபோது, அவர் கணவர் வார்டில் கை கால் சில்லிட்டுக் கிடந்தார். காய்ச்சல் தொடங்கி ஆறாம் நாள், உடம்புச் சூடு தணிந்த பிறகு, வெளியில் ஓர் இடத்தில் என்எஸ்1 கார்டு (ரத்தச் சொட்டில் டெங்கு வைரஸின் புரதத்தைத் தேடும் சோதனை அட்டை) பார்த்திருக்கிறார்கள். நெகட்டிவ். அன்று சாயங்காலமே படகேறிவிட்டார். விடிகாலை கரைக்கு வரும்போது வயிற்றுவலி, ஓயாத வாந்தி. பிழைத்துக்கொண்டார். ஆனால் இந்த மழைக்கு இதே கதையைப் பலமுறை கேட்டுவிட்டேன்.

ஒற்றைக் கோடு 'டெங்கு இல்லை' என்று சொல்வதே இல்லை. 'இந்தச் சொட்டில், இன்றைக்கு, எனக்குத் தெரியும் அளவுக்கு என்எஸ்1 புரதம் இல்லை' என்கிறது, அவ்வளவுதான். முதல் ஐந்து நாளில்தான் அது நன்றாகப் பிடிபடும். முன்பே ஒரு தடவை டெங்கு வந்தவருக்கு இன்னும் சீக்கிரம் மறைந்துவிடும். அதற்குப் பிறகு வந்தால், வைரஸுக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் புரதத்தைத் தேடும் ஐஜிஎம் எலிசா சோதனைதான் பார்க்க வேண்டும். இதை எழுதி ஒட்டியும் சொல்லியும் அலுத்துப் போனேன்.

இப்போது செல்போனை நீட்டி, "வைரஸைப் பிரிக்கிற சிப் வந்துருச்சாமே, அதுல பாருங்க" என்கிறார்கள். மைக்ரோஃப்ளூயிடிக் சிப். நல்ல ஆராய்ச்சிதான், எனக்கும் ஆசைதான். சிவப்பணு 7 மைக்ரானுக்கு மேல். டெங்கு வைரஸ் சுமார் 50 நானோமீட்டர், அதாவது கிட்டத்தட்ட 150 மடங்கு சிறியது. ரத்தத்தை எங்கள் சென்ட்ரிஃப்யூஜ் மெஷினில் வேகமாகச் சுற்றினால் அணுக்கள் அடியில் தங்கும், வைரஸ் மேலே தெளிந்து நிற்கும் சீரத்திலேயே மிதக்கும். சிப்பிலோ, முடியைவிட மெல்லிய வாய்க்கால்களில் நுண்தூண்களை நட்டு ரத்தத்தை ஓடவிட்டால், பெரிய அணுக்கள் ஒரு பக்கம் ஒதுங்கும், சிறியவை நேரே போகும். பிறகு, எதிர்ப்புப் புரதம் பூசிய காந்த மணிகள் வைரஸைப் பிடித்துக்கொள்ளும். ஒரு மில்லியில் கிடப்பதை 50 மைக்ரோலிட்டரில் திரட்டினால் இருபது மடங்கு செறிவு. கடல் முழுக்கச் சிதறிய மீன் வலையின் மடியில் சேர்வது மாதிரி.

 

ஆனால் மீன் போன பிறகு வலை விரித்து என்ன செய்வது? காய்ச்சல் விடும் சமயத்தில் ரத்தத்தில் வைரஸும் வற்றிவிடுகிறது. எந்தச் சிப்பும் இல்லாததைத் திரட்டித் தராது. ஆபத்தோ அப்போதுதான் தொடங்குகிறது: ரத்தக்குழாயிலிருந்து நீர் கசியும் நாட்கள் அவை. தட்டணுவை மட்டும் கேட்காதீர்கள், பிசிவி (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, நீர் கசிந்தால் ஏறும்) எவ்வளவு என்றும் கேளுங்கள்.

காய்ச்சல் விட்ட இரண்டு நாளைக்குக் கடலுக்குப் போகாதீர்கள், தயவுசெய்து. வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறில் ரத்தம், அசதி, சில்லிட்ட கை எது வந்தாலும் ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். பாராசிட்டமால் போதும், மெடிக்கலில் வலி ஊசியும் புரூஃபெனும் கேட்டு வாங்காதீர்கள். குடம் குடமாக விலை கொடுத்து வாங்கிய தண்ணீரைக் கொட்டச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் டிரம் காலியாகும்போது உட்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள், டெங்கு கொசுவின் முட்டை அங்கேதான் ஒட்டியிருக்கும். டிரம்மின் வாயை இறுகத் துணிகட்டி மூடுங்கள்.

லேப் சீட்டில் 'காய்ச்சல் தொடங்கிய தேதி' என்ற கட்டம் எப்போதும் வெறுமையாகவே வருகிறது. தேதி நினைவில்லையா? எந்த நாள் கடலுக்குப் போகாமல் படுத்தீர்கள் என்று சொல்லுங்கள், நான் கணக்குப் போட்டுக்கொள்கிறேன்.