'ஹைக்கிங்' என்றால் மலையேற்றமா?

சுவிட்சர்லாந்து சுற்றுலாக் குறிப்புகளின் தமிழாக்கங்களில் 'எளிய மலையேற்றம்' என்று படித்துப் படித்து அலுத்துவிட்டது. மென்லிஹென் முகட்டிலிருந்து கிளைன ஷைடெக் கணவாய்க்குப் போகும் பாதைக்கு இந்தப் பெயர். முகட்டுக்குக் கேபிள் காரில் போய்விடலாம். அங்கே உயரம் 2,200 மீட்டருக்கு மேல். கணவாய் 2,061 மீட்டர். ஒன்றரை மணி நேர நடை, பெரும்பாலும் இறக்கம். இறங்குகிறவரை ஏறுகிறார் என்று எழுத எப்படித்தான் மனம் வருகிறதோ!

'ஹைக்' ஆங்கில நாட்டுப்புறப் பேச்சிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் எழுத்துக்கு வந்த சொல். விறுவிறுவென்று நெடுந்தூரம் நடப்பதைக் குறித்தது. 'ட்ரெக்' தென்னாப்பிரிக்க டச்சுக்காரர்களின் மாட்டுவண்டிப் பயணத்திலிருந்து வந்தது. இரண்டின் வேரிலும் மலை இல்லை, ஏற்றமும் இல்லை.

அந்தக் கணவாய்க்குச் சற்று மேலே ஐகர் மலையின் வடக்குச் சுவர். 1938இல்தான் நான்கு பேர் அதில் முதன்முதலாக ஏறி முடித்தார்கள். அதற்கு முன் முயன்ற பலர் அங்கேயே மாண்டார்கள். அந்தச் சுவரின் அடிவாரத்தை ஒட்டி ஐகர்கிளெட்ஷரிலிருந்து அல்பிக்லென் வரை ஒரு தடம் இறங்குகிறது. நல்ல காலணியும் தண்ணீரும் இருந்தால் இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். மேலே கயிற்றில் தொங்குகிறவர் செய்வதும் மலையேற்றம், கீழே கைவீசி நடக்கிறவர் செய்வதும் மலையேற்றம் என்றால், அந்தச் சொல்லுக்கு என்னதான் பொருள்? ஊர்க்காரர்களின் ஜெர்மன் மொழி இரண்டையும் குழப்பவில்லை. நடப்பது 'வாண்டர்ன்', ஏறுவது 'பெர்க்ஷ்டைகன்'.

'வெள்ளியங்கிரிக்கு மலை ஏறப் போறோம் என்கிறோமே' என்று கேட்பார்கள். அங்கே ஏழு மலை ஏறி உச்சிக்குத்தான் போகிறோம், அதனால் பொருந்துகிறது. லாட்டர்புருனென் பள்ளத்தாக்கின் அடியில், ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஷ்டாவ்பாக் அருவியை அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஷ்டெகல்பெர்க் வரை சமதரையில் நடப்பவர் எந்த மலையை ஏறினார்? (மலையேறுவது என்றால் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது சாமியும் போன காலமும்தான். அது வேறு கதை.)

'நடைப்பயணம்' நல்ல சொல்தான். ஆனால் அதை அரசியல் தலைவர்கள் எடுத்துக்கொண்டார்கள். கேட்டதும் கொடியும் மேளமும் கண்முன் வருகின்றன. 'மலையுலா' என்று ஒருவர் எழுதியிருந்தார். உலா போகிறவருக்கு மூச்சு வாங்காது.

என் தேர்வு 'வழிநடை'. புதிதாகச் செய்ததில்லை. வழிநடைச் சிந்து என்றே ஒரு பாட்டு வகை நம்மிடம் உண்டு. நெடுந்தூரம் நடப்பவர்கள் களைப்புத் தெரியாமல் பாடிக்கொண்டு போவதற்கானது. நடையும் தொலைவும் களைப்பும் அந்தச் சொல்லிலேயே இருக்கின்றன. ஏற்றம் இருந்தால் இருக்கட்டும், இல்லாவிட்டாலும் சொல் பொய்யாகாது. பாதைக்குத் 'தடம்' போதும். சங்கத் தமிழிலிருந்து 'அதர்' கொண்டுவரலாம் என்பவர்கள், வழிகாட்டிப் பலகையின் முன் அகராதியோடு நிற்கப்போவது யார் என்று யோசிக்க வேண்டும்.

இது வெறும் சொல்லாசைக்காக அல்ல. சுவிட்சர்லாந்தில் தடங்களை மூன்றாக வகுத்திருக்கிறார்கள். வெறும் மஞ்சள் குறி என்றால் சாதாரண வழிநடைத் தடம். வெள்ளை-சிவப்பு-வெள்ளை என்றால் மலை வழிநடைத் தடம்: செங்குத்தும் குறுகலும் வரும், உறுதியான காலணி வேண்டும், கீழே பார்த்தால் தலை சுற்றக் கூடாது. வெள்ளை-நீலம்-வெள்ளை உயர்மலைத் தடம்: பனித்திடல், பனியாறு, கையால் பற்றி ஏறும் பாறை எல்லாம் வரலாம். பலகையில் தொலைவைவிட நேரத்தையே எழுதுகிறார்கள். மூன்றையும் 'மலையேற்றப் பாதை' என்று மொழிபெயர்த்தால், முழங்கால் வலிக்காரர் மஞ்சள் தடத்துக்கே பயந்து விடுதியில் உட்கார்ந்துவிடுவார். அவர் பேரன் செருப்பைப் போட்டுக்கொண்டு சிவப்பில் கிளம்பிவிடுவான்.

இதற்கு மேல் 'சவாலான அனுபவம்' என்று ஒன்று. இப்போது எல்லாமே சவால்: சமையல் சவால், தேர்வு சவால், பாதையும் சவால். மொழிபெயர்ப்பவர்கள் அந்த ஒட்டுச்சொல்லை விட்டுவிட்டு, வழுக்குமா, தலை சுற்றுமா, கையை ஊன்றி ஏற வேண்டுமா என்று எழுதட்டும். போகிறவர் தெரிந்துகொள்ள விரும்புவது அதைத்தான்.