கர்கர் சத்தத்தை விடுங்கள், மூச்சை எண்ணுங்கள்

"நெஞ்சு பூரா சளி டாக்டர். முதுகுல கை வெச்சா கர்கர்னு இருக்கு. எப்படியாவது எடுத்து விட்டுடுங்க." ஐப்பசி மழை தொடங்கி மாசிப் பனி விலகும் வரை வேலூர்ப் பக்கத்துக் குழந்தைகள் மருத்துவர்கள் அன்றாடம் கேட்கும் பேச்சு இது. காட்பாடிக்காரரும் இதையே சொல்வார், ஒடுகத்தூர்க்காரரும் இதையே சொல்வார். இப்படிக் கர்கர் என்று வந்து, காத்திருக்கும் நேரத்தில் சிரித்து விளையாடும் குழந்தைகளில் பலருக்கு நுரையீரலில் ஒரு கோளாறும் இருக்காது. சத்தமே காட்டாமல், அழக்கூடத் தெம்பில்லாமல், அம்மா மடியில் வேகவேகமாக மூச்சு விட்டுக் கிடக்கும் குழந்தையைத்தான் வரிசையை மீறி உள்ளே கூப்பிட வேண்டியிருக்கும்.

கைக்குழந்தைக்கு மூக்கைச் சிந்தத் தெரியாது, காறித் துப்பவும் தெரியாது. மூக்கின் பின்புறத்திலும் தொண்டையிலும் தேங்கும் சளி ஒவ்வொரு மூச்சுக்கும் அதிரும். நெஞ்சுக்கூடு மெல்லியது என்பதால் அந்த அதிர்வு முதுகு வரை தெரியும். அது பெரும்பாலும் மூக்குச் சளிதான். இருமும்போது மேலே வருவதைக் குழந்தை விழுங்கிவிடும். பாலோடு சேர்ந்து வாந்தியாகவோ மலத்தோடோ அது வெளியே போகும். கொழகொழவென்று ஒரு முறை கக்கிவிட்டுக் குழந்தை தெளிவாக இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை.

உண்மையான நெஞ்சுத் தொற்றில் இரண்டு வகையை முக்கியமாகச் சொல்லலாம். நிமோனியாவில் நுரையீரலின் காற்றுப் பைகளில் நீரும் சீழும் சேர்கின்றன. பிராங்கியோலைட்டிஸில் நூல் போன்ற கடைசிச் சுவாசக் குழாய்கள் வீங்கி அடைபடுகின்றன. இது இரண்டு வயதுக்குள்தான் வரும், பெரும்பாலும் ஆர்எஸ்வி என்ற வைரஸால். முதல் இரண்டு நாள் மூக்கொழுகல், மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை மூச்சு வாங்கல் உச்சம், பிறகு மெல்ல இறங்கும். இருமல் மட்டும் மூன்று வாரம் வரை இழுக்கும். இந்த நாள் கணக்கு தெரியாததால், இரண்டாம் நாள் ஒரு டாக்டர், நான்காம் நாள் இன்னொரு டாக்டர், ஆறாம் நாள் மூன்றாமவர் என்று மாற்றி, கடைசியாகப் பார்த்தவரைக் கைராசிக்காரர் ஆக்கிவிடுகிறோம். ஆறாம் நாள் நோய் தானாகவே இறங்கும் நாள்.

ஒரு நிமிடக் கணக்கு

நிமோனியாவை எக்ஸ்ரே இல்லாமல், வீட்டுத் திண்ணையில் வைத்தே சந்தேகிக்க ஒரு வழி உண்டு. அதில் இந்த ஊருக்கும் பங்கு இருக்கிறது. 1988-ல் வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வு, மூச்சின் வேகமும் நெஞ்சு உள்ளே இழுப்பதும் நுரையீரல் தொற்றைக் காட்டிக்கொடுக்கும் நல்ல அடையாளங்கள் என்று காட்டியது. ஒரு வயதுக்குள் 50, அதற்கு மேல் 40 என்ற எல்லையை அப்போதே அது பேசியது. உலக சுகாதார நிறுவனம் இன்று களப்பணியாளர்களுக்குச் சொல்லித்தரும் கணக்கு இது: பிறந்தது முதல் இரண்டு மாதம் நிறையும் வரை நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், 2 மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது மேல், ஒரு வயதிலிருந்து ஐந்து வயது வரை 40 அல்லது மேல் இருந்தால் அது வேக மூச்சு.

எண்ணுவதில்தான் தப்பு நடக்கிறது. அழும்போதும் பால் குடிக்கும்போதும் எண்ணக் கூடாது. குழந்தை அமைதியாக இருக்கும்போது அல்லது தூங்கும்போது, வெளிச்சத்தில் படுக்கவைத்து, சட்டையை நெஞ்சுக்கு மேல் தூக்கிவிட்டு வயிற்றைப் பாருங்கள். கைக்குழந்தை வயிற்றால்தான் மூச்சு விடும். ஏறி இறங்கினால் ஒன்று. ஒருவர் எண்ணட்டும், இன்னொருவர் செல்போனில் நேரம் பார்க்கட்டும். முழுதாக 60 நொடி எண்ண வேண்டும். 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கினால், ஒரு மூச்சு தப்பினாலே கணக்கில் நான்கு தப்பிவிடும். தவிர, பச்சைக் குழந்தையின் மூச்சு சீராக இருக்காது. சில நொடி வேகமாகப் போகும், சில நொடி நிற்கும், மறுபடி தொடங்கும். இரண்டு மாதத்துக்குள் 60-ஐத் தொட்டால் இன்னொரு முறை எண்ணுங்கள். மறுபடியும் 60 வந்தால் கிளம்பிவிடுங்கள். காய்ச்சலும் மூச்சை வேகப்படுத்தும். ஆகவே மூன்று மாதம் தாண்டிய குழந்தைக்கு உடம்பு சுட்டால் மருந்து கொடுத்து, சூடு இறங்கியதும் ஒரு முறை எண்ணிப் பாருங்கள். இறங்கிய பிறகும் எண்ணிக்கை எல்லையைத் தொட்டாலோ தாண்டினாலோ அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். இன்னொரு சங்கதி: வேலூர் வெயிலிலும் ஸ்வெட்டர், குல்லா, மேலே கம்பளி என்று மூடிவைத்த குழந்தைக்கு அந்தப் புழுக்கத்திலேயே மூச்சு வேகமாகும். நாம் போட்டிருப்பதைவிட ஒரு மெல்லிய துணி கூடுதலாக இருந்தால் போதும்.

எண்ணி முடித்த கையோடு விலா எலும்பு முடியும் இடத்தைப் பாருங்கள். மூச்சை இழுக்கும்போது நெஞ்சு விரிய வேண்டும். அதற்கு மாறாக அடி நெஞ்சு உள்ளே குழி விழுந்தால், அதுவும் அமைதியாக இருக்கும்போது ஒவ்வொரு மூச்சுக்கும் விழுந்தால், எண்ணிக்கை எதுவானாலும் மருத்துவமனைதான்.

கடைகளில் கிடைக்கும் பெரியவர்களுக்கான ஆக்சிமீட்டரைக் குழந்தையின் விரலில் மாட்டிப் பார்க்காதீர்கள். சின்ன விரலில் அது சரியாகப் பற்றாது. 80 காட்டி வீட்டையே அலற வைக்கும், அல்லது 98 காட்டி ஏமாற்றும். குழந்தைக்கான சென்சாரைப் பாதத்தில் சுற்றிப் பார்ப்பார்கள், அது மருத்துவமனையில் இருக்கும்.

வீட்டில் செய்ய வேண்டியது

முதல் வேலை மூக்கு. சில மாதக் குழந்தை பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடும். மூக்கு அடைத்தால் பால் குடிக்க முடியாது, குடிக்காவிட்டால் சோர்ந்துபோகும். மருந்துக் கடையில் உப்புநீர் மூக்குச் சொட்டு மருந்து கிடைக்கும். 'சலைன்' என்று எழுதியிருப்பதைத்தான் வாங்க வேண்டும். அடைப்பு நீக்கும் மருந்து கலந்த சொட்டுகள் வேறு, அவை கைக்குழந்தைக்கு ஆகாது. பால் கொடுக்கப் பத்து நிமிடம் முன்பு, தூங்க வைக்கும் முன்பு, ஒவ்வொரு துவாரத்திலும் இரண்டு சொட்டு விட்டு, வழிவதை மெல்லிய துணியால் துடையுங்கள். ரப்பர் பல்பால் உறிஞ்சுவதானால் நாளைக்கு மூன்று நான்கு முறைக்கு மேல் வேண்டாம். ஓயாமல் உறிஞ்சினால் உள்சவ்வு வீங்கி அடைப்பு கூடும்.

பாலை நிறுத்தாதீர்கள். ஒரே மூச்சில் குடிக்க முடியாது என்பதால் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள். தலை சற்று உயர்ந்திருக்கட்டும். மூச்சு வாங்கும் குழந்தைக்குச் சங்கில் ஊற்றுவது ஆபத்து. விழுங்குவதற்குள் அடுத்த மூச்சை இழுக்கும், பால் நுரையீரலுக்குள் போய்விடும். உரைமருந்துக்கும் இதேதான். வழக்கமாகக் குடிப்பதில் பாதிக்கும் குறைவாகக் குடித்தாலோ, எட்டு மணி நேரமாகத் துணி நனையாவிட்டாலோ காத்திருக்க வேண்டாம்.

எண்ணெய்க் குளியல் அன்று மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவது இன்னும் பல வீடுகளில் நடக்கிறது. அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் உடம்பால் அதைக் கரைக்க முடியாது. அதனாலேயே ஒரு தனி நிமோனியா வரும். கற்பூரத்தைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சி நெஞ்சில் தடவுவதும் இரண்டு வயதுக்குள் கூடாது. கற்பூரம் உடம்பில் ஏறினால் வலிப்பு வரும். ஆவி பிடிப்பதால் கைக்குழந்தைக்குப் பலனில்லை, கொதிநீர்ப் புண்தான் மிச்சம். தொண்டையில் சிக்கியதாகச் சொல்லித் தொக்கம் எடுப்பது, சூடு போடுவது இரண்டும் வேண்டவே வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் வேண்டாம். சாம்பிராணி பக்தியோடு செய்வதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் நோயுற்ற நுரையீரலுக்கு அதுவும் புகையே. விறகடுப்பு, கொசுவத்தி, சிகரெட் எல்லாம் அதே கணக்கு. குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் வீடுகளில் புகையிலைத் தட்டையும் குழந்தையின் தொட்டிலையும் ஒரே அறையில் வைக்காதீர்கள்.

மருந்துக் கணக்கு

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை. இதில் பெரிய ஆபத்து பாட்டிலில் ஒளிந்திருக்கிறது. ஆறு கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 90 மில்லிகிராம். ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் உள்ள டிராப்ஸ் என்றால் 0.9 மில்லி. 5 மில்லியில் 125 உள்ள சிரப் என்றால் 3.6 மில்லி. 5 மில்லியில் 250 உள்ள சிரப் என்றால் 1.8 மில்லி. பழைய சீட்டில் சிரப்புக்கு எழுதிய 3.6 மில்லியை டிராப்ஸில் ஊற்றினால் நான்கு மடங்கு உள்ளே போகும், கல்லீரல் தாங்காது. ஒவ்வொரு முறையும் லேபிளைப் படியுங்கள், பாட்டிலோடு வந்த அளவுக் குழாயாலேயே கொடுங்கள். மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், அது முதல் முறையானாலும், வீட்டு வைத்தியம் பார்க்காமல் மருத்துவமனைக்கு வாருங்கள்.

இருமல் சிரப் வேண்டாம். குளோர்பெனிரமைனும் பினைலெஃப்ரினும் சேர்ந்த சளி மருந்தை நான்கு வயதுக்குள் கொடுக்கக் கூடாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023-லேயே சொல்லிவிட்டது. 2025-ல் கலப்பட இருமல் சிரப்பால் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்த பிறகு, இரண்டு வயதுக்குள் இருமல், சளி மருந்தே கூடாது என்று மத்திய சுகாதாரத் துறையும் அறிவுறுத்தியது. கலப்படம் இல்லாத சிரப்பும் குழந்தையைத் தூங்க வைக்குமே தவிர சளியைக் கரைக்காது. தூக்கக் கலக்கத்தில் இருமல் அடங்கினால் சளி உள்ளேயே தேங்கும்.

ஆன்டிபயாட்டிக் நிமோனியாவுக்கு உயிர் காக்கும், வைரஸால் வரும் பிராங்கியோலைட்டிஸுக்கு உதவாது. எது என்று டாக்டர் முடிவு செய்யட்டும். எழுதிக் கொடுத்தால் பொடி மருந்தைக் கலப்பதில் கவனம் வேண்டும். காய்ச்சி ஆறவைத்த நீரை முதலில் பாதி ஊற்றிக் குலுக்கி, பிறகு கோடு வரை ஊற்றி மறுபடி குலுக்க வேண்டும். ஒரேயடியாக ஊற்றினால் பொடி அடியில் கட்டிக்கொள்ளும். முதல் நாள் வெறும் தண்ணீர், கடைசி நாள் கெட்டி மருந்து என்று ஆகிவிடும். காய்ச்சல் நின்றதும் நிறுத்தாமல் சொன்ன நாள்வரை கொடுங்கள். மீதியை அடுத்த முறைக்கென்று பிரிட்ஜில் வைக்காதீர்கள், கலந்த மருந்து அதன் வாரக் கெடு தாண்டினால் வீரியம் இழக்கும். தொடங்கி 48 மணி நேரமாகியும் மூச்சு எண்ணிக்கை இறங்கவில்லை என்றால் மறுபடி காட்டுங்கள்.

'புகை வைப்பது' என்று சொல்லும் நெபுலைசரை வாடகைக்கு எடுத்து, அக்கா மகனுக்கு எழுதிய மருந்தை ஊற்றிவிடும் வழக்கம் பெருகியிருக்கிறது. பிராங்கியோலைட்டிஸில் இரைப்பு மருந்து பெரும்பாலும் வேலை செய்யாது. இதயத் துடிப்பைத்தான் கூட்டும்.

உடனே கிளம்ப வேண்டிய நேரம்

பால் குடிக்கவே முடியவில்லை, குடித்ததெல்லாம் வாந்தி, வலிப்பு, எழுப்பினாலும் எழாத மயக்கம், ஒவ்வொரு மூச்சுக்கும் முனகல், மூக்கு விடைப்பு, மூச்சுக்குத் தலை ஆடுவது, நாக்கும் ஈறும் நீலம் பூப்பது, மூச்சு சில நொடிக்கும் மேலாக நின்று நின்று போவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் 108. நிறத்தை உதட்டில் தேடாதீர்கள், மாநிறக் குழந்தைக்கு நாக்கில்தான் தெரியும். குறைமாதம், எடைக் குறைவு, இதயத்தில் ஓட்டை, மூன்று மாதத்துக்குள் வயது என்றால் ஒரு படி முன்பே கிளம்புங்கள். பீஞ்சமந்தை, அல்லேரி போன்ற மலை ஊர்களில் இருப்பவர்கள் வேக மூச்சைக் கண்டதுமே இறங்க வேண்டும், இருட்டிய பிறகு யோசித்தால் பாதை ஒத்துழைக்காது. ஆக்சிஜனுக்கும் தீவிர சிகிச்சைக்கும் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சந்தேகம் கேட்க 104-ஐ அழைக்கலாம்.

நிமோனியாவைத் தடுக்க உதவும் நியூமோகாக்கல் தடுப்பூசி 2021 முதல் தமிழகத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம்: 6 வாரம், 14 வாரம், 9 மாதம். தனியாரில் ஒரு டோஸுக்கே சில ஆயிரம் ஆகும். சளி பிடித்திருக்கிறதே என்று ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம், லேசான சளிக்குத் தடையில்லை.

பைக்கில் வருவதானால் நடுவில் குழந்தையை வைத்து, காற்றுக்காக முந்தானையால் முகத்தை மூடி, நெருக்கி அணைத்துக்கொண்டு வருவார்கள். மூச்சுத் திணறும் குழந்தைக்கு அது மோசமான சவாரி. ஆட்டோவோ 108-ஓ பிடியுங்கள். நிமிர்த்தித் தோளில் சாய்த்து, முகம் திறந்து, கண்ணுக்குத் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். வழியில் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். கையில் தடுப்பூசி அட்டை, கொடுத்த எல்லா மருந்துப் பாட்டில்களும், எத்தனை மணிக்கு எத்தனை மூச்சு எண்ணினீர்கள் என்று எழுதிய ஒரு துண்டுச் சீட்டும் இருக்கட்டும்.