நியூட்ரல்ல இறக்குனா பெட்ரோல் மிச்சமாகுமா?

தென்னாப்பிரிக்கால ஜோபர்க்ல (ஜோகன்னஸ்பர்க்) இருந்து டர்பன் வர்றப்போ வேன் ரீனன் பாஸ்ங்கற மலைப்பாதை இறக்கத்துல வண்டிய நியூட்ரல்ல விட்டா பெட்ரோல் மிச்சமாகுமான்னு டர்பன் பக்கத்து சாட்ஸ்வர்த் தம்பி ஒருத்தர் கேட்டாரு, அவங்க தாத்தா அப்படித்தான் ஓட்டுவாராம்.

ஏத்தத்த மொதல்ல பாத்துடலாம். டர்பன் கடல் மட்டம், ஜோபர்க் சுமார் 1,700 மீட்டர் உயரம். 1,300 கிலோ கார அவ்வளவு தூரம் மேல ஏத்த கிட்டத்தட்ட 22 மெகாஜூல் ஆகும், எஞ்சினோ பெட்ரோல் சக்தில கால்வாசிக்குக் கொஞ்சம் மேலதான் வேலையா மாத்தும், ஆக உயரத்துக்கு மட்டுமே ரெண்டரை லிட்டர் காலி. 

இறக்கம்தான் எனக்கு உசுரு. கியர்லயே விட்டுட்டு ஆக்ஸிலரேட்டர்ல இருந்து கால எடுத்தா, சக்கரமே கியர்பாக்ஸ் வழியா எஞ்சினச் சுத்த ஆரம்பிச்சிடும். இது இன்னைக்கு வண்டில இருக்கிற கம்ப்யூட்டருக்குத் தெரிஞ்சதும், எஞ்சினுக்குள்ள பெட்ரோலப் பீச்சுற இன்ஜெக்டர மொத்தமா அடச்சிடும். ஒரு சொட்டு உள்ள போகாது, பிஸ்டன் வெறும் காத்த இழுத்து அமுக்கி வெளிய தள்ளிட்டே இருக்கும், அந்த இழுவைதான் வண்டியவும் புடிச்சு நிறுத்துது. நியூட்ரல்ல போட்டா சக்கரத்துக்கும் எஞ்சினுக்கும் ஒறவு அறுந்துடும், நின்னுடாம இருக்க எஞ்சின் பெட்ரோல எரிச்சே ஆகணும்.

தாத்தா சொன்னது தப்பில்ல, அவரு ஓட்டுனது கார்புரேட்டர் வண்டி, அதாவது இன்ஜெக்டர் இல்லாம காத்து இழுக்கிற இழுப்புலயே பெட்ரோல் கலக்குற பழைய வண்டி. அதுல பெரும்பாலும் பெட்ரோல அடைக்கிற ஏற்பாடே கெடையாது, எஞ்சின் வேகமா சுத்தச் சுத்த பெட்ரோல உறிஞ்சிக்கிட்டே இருக்கும், அதனால நியூட்ரல் லாபம்தான். இன்னைக்கு கூட லேசான சரிவுல நியூட்ரல்ல வண்டி ரொம்ப தூரம் உருளும், கணக்கு மாறலாம். ஆனா வேன் ரீனன்ல எப்படியும் வேகத்த அடக்கணும், நியூட்ரல்ல அந்த பாரம் பூரா பிரேக் மேல விழுந்து சூடேறும், தயவு செஞ்சு வேணாம்.

பெட்ரோல் பைப்புல காந்தம் மாட்டுனா மைலேஜ் கூடும்னு ஒரு கடைல எங்க அண்ணன் தலைல கட்டிட்டாங்க. பெட்ரோல் ஹைட்ரோகார்பன், காந்தத்தத் தாண்டுனதும் முன்ன இருந்த மாதிரியேதான் இருக்கும். உழைச்ச காச இப்படிப் பிடுங்குறது எனக்கு ஆறவே மாட்டேங்குது, அதுக்கு டயர்ல காத்தாவது சரியா அடிச்சிருக்கலாம்.

போன மாசம் டவுன் ஹில்ங்கற (Town Hill) மலைச் சரிவுல நாலாவது கியர்ல மாரிட்ஸ்பர்க் ஊருக்கு இறங்குனேன். டேஷ்போர்டுல 0.0 லிட்டர், அசையவே இல்ல. கீழ ரோபோட்ல (டிராஃபிக் சிக்னல்) செவப்பு விழுந்து வேகம் கொறைய, ஆர்பிஎம் (எஞ்சின் நிமிஷத்துக்குச் சுத்துற சுத்து) ஆயிரத்து சொச்சத்துக்கு வந்ததும் லேசா ஒரு குலுக்கல், இன்ஜெக்டர் மறுபடி தொறந்துடுச்சு.