கறுப்பு வவ்வாலின் வாலைத் தடவிப் பாருங்கள்

மீன் பதப்படுத்தும் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்த புதிதில், சரக்குச் சீட்டில் வெறுமனே ‘வவ்வால்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். கேட்டது வெள்ளை, போனது கறுப்பு. வாங்கிய திட்டு ஆறாமல் மறுநாள் விடியற்காலை காசிமேட்டில், வழக்கமாக மீன் வாங்கும் அக்காவிடம் புலம்பினேன்.

“இன்னா தம்பி படிச்சே? கறுப்பு வவ்வாலு பாறை ஜாதிப்பா. வாலாண்ட கைய வச்சுப் பாரு.”

அடிவாலை விரலால் தடவினேன். நடுக்கோட்டில் சொரசொரவென்று தகடு வரிசை, பாறை மீனுக்கு இருப்பது போலவே. வெள்ளை வவ்வாலில் அதே இடம் வழவழவென்று இருந்தது.

அக்கா சொன்னதைத்தான் அறிவியல் பெயரும் சொல்கிறது. வெள்ளை வவ்வால், பாம்பஸ் அர்ஜென்டியஸ். அர்ஜென்டியஸ் என்றால் லத்தீனில் வெள்ளி போன்றது. கறுப்பு, பாராஸ்ட்ரோமாட்டியஸ் நைகர். நைகர் என்றால் கறுப்பு, அது எளிது. விஷயம் முன்பாதியில் இருக்கிறது. ஸ்ட்ரோமாட்டியஸ் என்பது வவ்வால் வகைக்கு வைத்த பழைய பேரினப் பெயர், அதாவது நெருங்கிய உறவுள்ள மீன்களுக்குப் பொதுவான முதல் பெயர். கிரேக்கத்தில் விரிப்பு என்று பொருள். ‘பாரா’ என்றால் பக்கத்தில். ஆக, வவ்வாலுக்குப் பக்கத்தில் நிற்கிற மீன். பெர்லினில் மருத்துவராக இருந்த ப்ளாக் 1795-இல் இதற்கு ஸ்ட்ரோமாட்டியஸ் நைகர் என்றுதான் பெயர் வைத்தார். பேரினம் பிறகு மாறியது. அதனால்தான் பெயருக்குப் பின்னால் அவர் பெயரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் வரும். அந்தக் குறியை அழகுக்குப் போட்டதாக நினைத்து அழித்துவிடுகிற டைப்பிஸ்டுகளை நான் பார்த்திருக்கிறேன்!

எல்லாமே லத்தீன், கிரேக்கம் இல்லை. கானாங்கத்தையை எடுங்கள். ரஸ்ட்ரெல்லிகர் கனகுர்த்தா. கனகுர்த்தா தெலுங்கு. விசாகப்பட்டினத்து மீன்களைப் பற்றி 1803-இல் வெளிவந்த நூலில் பேட்ரிக் ரஸ்ஸல் எழுதிவைத்த உள்ளூர்ப் பெயரை 1816-இல் பிரெஞ்சு விலங்கியலாளர் குவியே அப்படியே எடுத்துக்கொண்டார். நம் ‘கானாங்கத்த’ காதில் விழுகிறதா? ரஸ்ட்ரெல்லிகர் என்றால் சருகு வாரும் சின்னப் பற்கருவியைச் சுமப்பது. அடுத்த முறை அதன் வாயை நன்றாகத் திறந்து பாருங்கள், செவுளில் சீப்புப் பல் மாதிரி நீளநீளமாகத் தெரியும். நீரிலிருந்து நுண்ணுயிர்களை வடிப்பது அதுதான்.

கத்தாழை மீனில் ஒரு வகைக்கு ஜானியஸ் கருத்தா என்று பெயர். தரங்கம்பாடியிலிருந்து ப்ளாக்குக்கு மீன்கள் அனுப்பிய மிஷனரி ஜானின் பெயர் முன்னால், நம் ‘கருத்த’ பின்னால்.

இவ்வளவும் முழு மீனுக்கு. தோல் உரித்து, முள் எடுத்து, உறையவைத்து வரும் ஃபில்லட்டில் தடவ என்ன இருக்கிறது? ‘பாசா’ என்று விற்கப்படுவதில் பெரும்பங்கு பங்காசியானோடான் ஹைப்போஃப்தால்மஸ், அதாவது கண் கீழே அமைந்தது. பாக்கெட்டில் கண் ஏது? அறிவியல் பெயர் அச்சிட்டிருந்தால் வாங்குவேன், வெறும் ‘மீன்’ என்றிருந்தால் திரும்ப வைத்துவிடுவேன்.

அப்படி ஒரு பாக்கெட்டை அக்காவிடமும் காட்டினேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

“வாலு எங்கப்பா?”