எழுத்து மங்கினால் உடனே சூட்டைக் கூட்டாதீர்கள்

சூட்டால் ஸ்டிக்கர் அச்சிடும் தெர்மல் பிரிண்டர்களைப் பழுதுபார்ப்பதே என் தொழில். சில மாதங்களுக்கு முன் திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் பேக்கிங் பிரிவிலிருந்து மாலையில் அழைப்பு வந்தது. "ஹெட்டு போயிடுச்சுங்க சார், வர்றப்ப புதுசு ஒண்ணு எடுத்துட்டு வந்துருங்க" என்றார் அங்கிருந்த மேற்பார்வையாளர். மறுநாள் காலை கன்டெய்னர் கிளம்ப வேண்டும். அட்டைப்பெட்டிகளில் ஒட்டவேண்டிய ஸ்டிக்கர்களோ சாம்பல் பூத்ததுபோல் மங்கலாக வந்துகொண்டிருந்தன. நான் போய் முதலில் பார்த்தது, அச்சுச் சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் வைக்கும் டென்சிட்டி எண்ணை. அது 15 இல் நின்றது. அந்த வகை பிரிண்டரில் அதற்கு மேல் எண் கிடையாது. மூடியைத் திறந்து, அச்சிடும் பாகமான ஹெட்டின் விளிம்பில் டார்ச் அடித்தபோது, பஞ்சுத் தூசியும் மையை ஏந்திவரும் ரிப்பனின் மெழுகும் கலந்து இறுகிய கருமையான படலம் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை படிந்திருந்தது. அதைத் துடைத்துவிட்டு டென்சிட்டியை 8க்கு இறக்கி அச்சிட்டதும் எழுத்து பளிச்சென்று வந்தது. ஆனால் அந்தத் தெளிவான அச்சின் நடுவே, அதுவரை மங்கலுக்குள் மறைந்திருந்த மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்றும் தெரிந்தது. ஹெட்டில் அருகருகே இருந்த இரண்டு புள்ளிகள் கருகிப்போயிருந்தன.

விசாரித்ததில், எழுத்து மங்கும்போதெல்லாம் பணியில் இருந்தவர்கள் எண்ணை ஒன்றொன்றாக உயர்த்தி வந்திருக்கிறார்கள் என்பது தெரிந்தது. நான் பார்க்கும் ஹெட் இழப்புகளில் பெரும்பாலானவற்றின் கதை இதுதான். அவர்கள்மேல் முழுக் குற்றத்தையும் சுமத்த முடியாது. எண்ணைக் கூட்டினால் அன்றைய வேலை முடிந்துவிடுகிறது, சேதம் பல மாதங்கள் கழித்தே கண்ணுக்குத் தெரிகிறது.

ஹெட் என்பது பீங்கான் தகடு ஒன்றின் விளிம்பில் வரிசையாக அமைந்த மிகச் சிறிய சூடேற்றிகளின் தொகுப்பு. புள்ளி என்று நான் சொல்வது இந்தச் சூடேற்றியைத்தான். 203 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 203 புள்ளி உள்ள பிரிண்டரில் ஒரு மில்லிமீட்டருக்கு 8 சூடேற்றிகள் வீதம், 104 மில்லிமீட்டர் அகலத்திற்கு 832 இருக்கும். ஒவ்வொன்றும் நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் சூடேறி, அந்தச் சூட்டைக் காகிதத்துக்கோ ரிப்பனுக்கோ கொடுத்துவிட்டு உடனே ஆறவேண்டும். இடையில் அழுக்குப் படலம் வந்துவிட்டால் சூடு காகிதத்தைச் சேராமல் சூடேற்றியிலேயே தேங்குகிறது, எழுத்து மங்குகிறது, நாம் எண்ணைக் கூட்டுகிறோம், கூடிய சூட்டில் படலம் மேலும் கருகி இறுகுகிறது, மீண்டும் எழுத்து மங்குகிறது. இந்தச் சுழற்சி, மேலே ஏற எண் இல்லாத இடத்தில்தான் நிற்கும்.

ஆகவே எழுத்து மங்கியவுடன் கை போகவேண்டியது துடைக்கும் துணிக்கு. பிரிண்டரை அணைத்து ஹெட் ஆறும்வரை காத்திருந்து, 90 விழுக்காட்டுக்குக் குறையாத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் பிரியாத துணியாலோ பட்ஸாலோ நடுவிலிருந்து ஓரம் நோக்கி ஒரே திசையில் மென்மையாகத் துடைக்கவேண்டும். முழுதும் உலர இரண்டு நிமிடம் விட்டபிறகே மூடியை மூடவேண்டும். ரிப்பன் போடும் பிரிண்டராக இருந்தால் ரிப்பன் மாற்றும் ஒவ்வொரு முறையும், ரிப்பன் இல்லாததாக இருந்தால் ஸ்டிக்கர் ரோல் மாற்றும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்வது நல்லது. கொரோனா காலத்துக்குப் பிறகு மேசைதோறும் சானிடைசர் இருப்பதால் அதையே ஹெட்டில் தேய்ப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். கை வறண்டுவிடாமல் இருக்க அதில் சேர்க்கப்படும் கிளிசரின் ஹெட்டின்மேல் பிசுபிசுப்பாகத் தங்கி, இருக்கும் தூசி போதாதென்று புதுத் தூசியையும் பிடித்துவைக்கும். பிளேடு, ஸ்க்ரூடிரைவர் முனை, உப்புத்தாள் ஆகியவற்றைப் பற்றி எழுதவேண்டிய அவசியமே இருக்கக்கூடாது. ஆனால் மூன்றையும் பயன்படுத்தியவர்களைச் சந்தித்திருக்கிறேன்.

துடைத்தபிறகும் குறை இருந்தால், அந்தக் குறை ஸ்டிக்கரில் எந்த வடிவத்தில் தெரிகிறது என்பதைப் பார்த்தாலே காரணத்தைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம். காகிதம் ஓடும் திசையிலேயே, எல்லா ஸ்டிக்கரிலும் ஒரே இடத்தில் வெள்ளைக் கோடு விழுந்தால் ஹெட்டில் அழுக்கு ஒட்டியிருக்கிறது அல்லது புள்ளி கருகிவிட்டது. கோடு சாய்வாகவும் ஒழுங்கற்றும் வந்தால் ரிப்பனில் சுருக்கம் விழுகிறது. ஒரு பக்கம் கருப்பாகவும் மறுபக்கம் வெளிறியும் வந்தால் ஹெட்டின் அழுத்தம் சமமாக இல்லை. பெரிய பிரிண்டர்களில் இதைச் சரிசெய்ய இருபுறமும் திருகு இருக்கும், மேசைமேல் வைக்கும் சிறிய பிரிண்டர்களில் மூடி இருபுறமும் சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பதே முதல் வேலை. ஒரு வெளிறிய திட்டு குறிப்பிட்ட இடைவெளியில் மறுபடி மறுபடி வந்தால், அந்த இடைவெளியை ஸ்கேலால் அளந்து பாருங்கள். ரப்பர் ரோலரின் விட்டத்தை 3.14 ஆல் பெருக்கினால் வரும் தூரத்தோடு அது ஒத்துப்போனால் குற்றவாளி ரோலர்தான். ரோலரில் சுற்றிக்கொண்ட ஸ்டிக்கரை யாரோ கட்டர் பிளேடால் அறுத்து எடுத்திருப்பார்கள். அறுபட்ட ரப்பர் அந்த இடத்தில் காகிதத்தை ஹெட்டோடு அழுத்தாது. இவற்றில் எதற்கும் சூட்டைக் கூட்டுவது மருந்தாகாது.

சூட்டைக் கூட்டவேண்டிய நியாயமான சந்தர்ப்பமும் உண்டு. ரிப்பன்களில் மெழுகு, மெழுகும் ரெசின் என்ற பிசினும் கலந்தது, முழு ரெசின் என மூன்று வகை இருக்கின்றன. சாதாரணக் காகித ஸ்டிக்கருக்கு மெழுகு போதும், அது குறைந்த சூட்டிலேயே இறங்கிவிடும். பாலியெஸ்டர் போன்ற பிளாஸ்டிக் ஸ்டிக்கருக்கு ரெசின் வேண்டும், அதற்கு உண்மையிலேயே அதிகச் சூடு தேவை. விலை குறைவு என்பதற்காகப் பிளாஸ்டிக் ஸ்டிக்கரில் மெழுகு ரிப்பனைப் போட்டுவிட்டு, நகம் பட்டாலே எழுத்து உரிகிறதே என்று டென்சிட்டியை ஏற்றுவதில் பயனில்லை. ரெசினுக்குக்கூட முதலில் வேகத்தைக் குறைத்துப் பார்ப்பதே என் வழக்கம். நொடிக்கு 5 அங்குலத்தில் ஓடுவதை 3க்கு இறக்கினால், அதே எண்ணிலேயே சூடு இறங்க அவகாசம் கிடைக்கிறது. ரிப்பனின் அகலம் ஸ்டிக்கரைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கவேண்டும். குறைவாக இருந்தால் காகிதத்தின் ஓரம் ஹெட்டை நேரடியாக உரசித் தேய்த்துவிடும்.

கையில் இருப்பது ரிப்பன் வேண்டாத ஸ்டிக்கரா என்று சந்தேகம் வந்தால், நகத்தால் வேகமாக ஒரு கீறு கீறுங்கள்; கருங்கோடு விழுந்தால் அது சூட்டில் தானே கருக்கும் காகிதம். அந்தக் காகிதத்துக்கு வெயிலும் எண்ணெயும் எதிரிகள். பலகாரப் பொட்டலங்களிலும் மசாலாப் பாக்கெட்டுகளிலும் இதை ஒட்டிக் கடை முகப்பில் வெயில் படும்படி அடுக்கினால் எம்ஆர்பியும் தேதியும் வெளிறிவிடும். 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள்களுக்கான சட்டமுறை எடையளவு விதிகள் அந்த விவரங்கள் தெளிவாகப் படிக்கும்படி இருக்கவேண்டும் என்கின்றன. மங்கியதற்குக் காகிதம்தான் காரணம் என்று ஆய்வுக்கு வருபவரிடம் சொல்லித் தப்ப முடியாது. ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இதற்கு நேர்மாறானதைக் கண்டேன். மேசையைத் துடைத்த ஸ்பிரிட் குழாய்களின் ஸ்டிக்கர்மேல் பட்டு, வெள்ளைக் காகிதம் முழுவதும் கருத்து, நோயாளியின் எண் அதற்குள் மூழ்கிவிட்டது. அங்கு பிரிண்டரில் சரிசெய்ய ஒன்றுமில்லை. மேற்பூச்சுள்ள ஸ்டிக்கருக்கு மாறச் சொன்னேன்.

அடுத்த புகார், ஒன்று அச்சாகி ஒன்று வெறுமையாக வருவது. ஸ்டிக்கருக்கும் ஸ்டிக்கருக்கும் நடுவில் இருக்கும், பெரும்பாலும் 3 மில்லிமீட்டர் அளவிலான இடைவெளியை, பின்தாளினூடே கடக்கும் ஒளியைக்கொண்டு சென்சார் கண்டுபிடிக்கிறது. வேறு கடையில் ரோல் வாங்கினால் தாளின் தடிமன் மாறும். கடக்கும் ஒளியும் மாறும். எனவே ரோலின் வகை மாறும்போதெல்லாம் கேலிப்ரேஷன், அதாவது சென்சாரைப் புதிய தாளுக்கு ஏற்ப அளவுபடுத்துவது, செய்யவேண்டும். இரண்டு வரிசை ஸ்டிக்கர்களில் இன்னொரு சிக்கல் உண்டு: சென்சார் சரியாக நடுவில் இருந்தால் அது இரு வரிசைகளுக்கும் இடையிலான நீண்ட இடைவெளியை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கும். நகர்த்தக்கூடிய சென்சாரானால் அதை ஒரு வரிசையின் அடியில் தள்ளிவையுங்கள். கணினியிலிருந்து பிரிண்டரை இயக்கும் மென்பொருளான டிரைவரில் அகலம் கொடுக்கும்போதும், 50 மில்லிமீட்டர் ஸ்டிக்கர் இரண்டு என்றால் 50 என்றல்ல, நடு இடைவெளியையும் சேர்த்த மொத்த அகலத்தைக் கொடுக்கவேண்டும்.

ஸ்கேனர் படிக்கவில்லை என்பதற்காகச் சூட்டைக் கூட்டுவது எல்லாவற்றிலும் மோசமானது, ஏனெனில் சூடு கூடினால் பார்கோடின் கருங்கோடுகள் பருத்து வெள்ளைச் சந்துகளை விழுங்கிவிடும். சில்லறைப் பொருள்களில் வரும் இஏஎன்-13 குறியீட்டில் மிக மெல்லிய கோட்டின் இயல்பான அகலம் 0.33 மில்லிமீட்டர், 80 விழுக்காட்டுக்குச் சுருக்கினால் 0.264. 203 டிபிஐ ஹெட்டின் ஒரு புள்ளி 0.125 மில்லிமீட்டர் என்பதால் இரண்டு புள்ளி 0.25 ஆகி அளவுக்குக் கீழே போய்விடுகிறது, மூன்று புள்ளி 0.375 ஆகிறது. இடைப்பட்ட அளவை ஹெட்டால் அச்சிடவே முடியாது. இடம் போதவில்லை என்று மவுஸால் பார்கோடை இழுத்துச் சுருக்குபவர்களுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்கவேண்டும்.

திருப்பூருக்கு வருகிறேன். கருகிய இரு புள்ளிகளும் பார்கோடின் ஒரு கோட்டின்மேலேயே விழுந்ததால் ஸ்கேனர் அதைப் படிக்கவில்லை. அன்றிரவு வேறு வழியின்றி வடிவமைப்பில் பார்கோடை 90 பாகை திருப்பி, கோடுகள் காகிதம் ஓடும் திசைக்குக் குறுக்கே ஏணிப்படிபோல் வரும்படி செய்தேன். அப்போது வெள்ளைக் கோடு ஒவ்வொரு கருங்கோட்டையும் ஓர் இடத்தில் அறுக்குமே தவிர எந்தக் கோட்டையும் முழுதாக அழிக்காது. ஸ்கேனரும் படித்தது, பெட்டிகளும் கிளம்பின. அடுத்த வாரம் புதிய ஹெட்டைப் பொருத்தினேன். பிரிண்டரில் 8 என்று வைத்துச் சோதனை ஸ்டிக்கரும் எடுத்துவிட்டு, கணினியிலிருந்து அவர்களுடைய ஸ்டிக்கரை அனுப்பச் சொன்னபோது எழுத்து கருத்துப் பருத்து வந்தது. டிரைவரைத் திறந்து பார்த்தேன், அங்கே இன்னும் 15. அதை 8 ஆக்கியபின் ஸ்டிக்கர் வடிவமைக்கும் மென்பொருளைத் திறந்தால் அந்தக் கோப்பிலும் தனியாக 15 என்று சேமித்திருந்தது. ஒவ்வொரு முறை அச்சுக்குப் போகும்போதும் இந்த எண்தான் பிரிண்டரில் வைத்த எண்ணின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டிருந்தது. மூன்று இடத்திலும் மாற்றியபிறகே மூடியை மூடினேன்.